எழுந்து போகாத ஓய்வுநாள்

கோத்தகிரியிலிருந்து பஸ் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய், அது மூச்சு வாங்கித் திரும்புகிற வளைவில் இறங்கி, தேயிலைக்குள் போகிற மண்பாதையைப் பிடித்து, இனிமேல் ஒன்றும் இருக்காது என்று தோன்றுகிற இடத்தையும் தாண்டி நடந்தால் ஒரு பச்சை கேட் வரும். அந்தக் கேட்டுக்கு உள்ளே ஒரு சனிக்கிழமை வந்து, சாயங்காலம்வரை இருந்து, கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பாமல் உட்கார்ந்துகொண்டது. கேட்டுக்கு வெளியே ஞாயிறும் திங்களும் செவ்வாயும் தங்கள் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. நம்பாதவர்கள் அந்த நாட்களில் அங்கே துணி காயப்போட்டவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த முதியோர் இல்லத்தைக் கட்டியவர் மதராஸில் வைர வியாபாரம் செய்த ஒரு யூதர். பிள்ளை கிடையாது. தன் சமூகத்தில் வயதான பிறகு ஆளில்லாமல் நிற்கிறவர்கள் வந்து தங்கட்டும் என்று மலைமேல் நீளமாக ஓர் ஓட்டு வீட்டைக் கட்டி, நடுவில் ஒரு ஜெபக்கூடத்தையும் வைத்துவிட்டு, அவரும் போய்ச் சேர்ந்தார். கொச்சியிலிருந்து சிலர், பம்பாயிலிருந்து சிலர், பாக்தாத் குடும்பத்தில் கல்கத்தாவில் பிறந்து மதராஸில் வேலை பார்த்தவர்கள் சிலர் என்று வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சமையல் இன்னொருவருக்கு ஆகாது, ஒருவர் ராகத்தில் ஜெபம் சொன்னால் இன்னொருவருக்குக் காது வலிக்கும், ஆனால் சமையல்காரர் போஜனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதால் எல்லாச் சண்டைகளும் தமிழிலேயே நடந்தன.

வெள்ளி சூரியன் இறங்கியதிலிருந்து சனி இருட்டி மூன்று நட்சத்திரம் கண்ணில் படும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, சுவிட்சைத் தொடக்கூடாது, சமைக்கக்கூடாது, எழுதக்கூடாது, எதையும் கிழிக்கக்கூடாது. இதையெல்லாம் செய் என்று யூதரல்லாத போஜனிடம் சொல்லவும் கூடாது, ஆனால் அவராகவே செய்தால் பாதகமில்லை. அதனால் சனிக்கிழமைகளில் அங்கே யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், பெருமூச்சுதான் விடுவார்கள். "இந்த வராந்தா என்ன இப்படி இருண்டு கிடக்கு" என்று ஒருவர் சுவரைப் பார்த்துச் சொல்வார், போஜன் வந்து விளக்கைப் போட்டுவிட்டுத் தானும் சுவரைப் பார்த்தபடி போய்விடுவார். இந்த வித்தையில் அவர் தேறியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வெள்ளியன்றே அடுப்பில் ஏற்றித் தணலில் கிடந்த கறிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிய நெகேமியா மறுபடி திறக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஆயுள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், இல்லத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருடைய கண்ணாடிக்கும் திருகு முறுக்கிக் கொடுத்தவர், சூடாக ஒரு வாய் டீ குடித்தறியாதவர். அவருக்கு டீ ஆறினால்தான் இறங்கும். அவர் மனைவி சிப்போரா டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஆறட்டும் என்று விட்டு, ஆறி முடிந்து ஆடை கட்டிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். வந்திருந்த டாக்டர் நாடியைப் பிடித்து, இல்லை என்று தலையசைத்தார்.

அந்த டாக்டர் நெகேமியாவுக்காக வந்தவரல்ல. பக்கத்து அறையில் கிடந்த பர்ஹாவைப் பார்க்க வந்தவர். பர்ஹா மதராஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாய் என்றால் அப்படி ஒரு வாய். சிப்போராவும் அவளும் ரம்மி ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது பேச்சுவார்த்தை இருக்காது, மறுநாள் காலையில் சீட்டுக்கட்டு இருக்கும். நுரையீரலில் நீர் கோத்துப் படுத்துவிட்டவளை அன்று பரிசோதித்துவிட்டு, டாக்டர் வார்டன் சிஸ்டர் ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைய பாக்கமாட்டாங்க சிஸ்டர், சொந்தக்காரங்க இருந்தா சொல்லிடுங்க" என்றார். சிஸ்டர் தலையாட்டினார், சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே.

ஓய்வுநாளில் அடக்கம் செய்யமாட்டார்கள். பிணத்தை நகர்த்தவும் கூடாது. ஆனால் ரொட்டியை நகர்த்தலாம். ஆகவே வெயில் விழும் இடத்தில் கிடந்த நெகேமியாவின் நெஞ்சின்மேல் ஒரு ரொட்டியை வைத்து, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பம்பாய் ரூபென் ஒரு பக்கமும் போஜன் ஒரு பக்கமுமாகப் பிடித்து, அந்த ரொட்டியைத்தான் தூக்குகிறோம் என்கிற முகபாவத்தோடு, ஜெபக்கூடத்தை ஒட்டிய அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். போர்வையால் முகத்தை மூடினார்கள். துக்கமும் ஓய்வுநாளில் கூடாது என்பதால் ஒவ்வொருவராக வந்து சிப்போராவிடம், "ஷபாத் ஷாலோம்" என்று, அதாவது ஓய்வுநாள் சமாதானம் என்று, சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். மூன்று நட்சத்திரம் வரட்டும், பிறகு இருக்கிறது என்று அழுகையைத் தொண்டையில் பிடித்து வைத்துக்கொண்டாள்.

சாயங்கால ஜெபத்தை மெனாஷே நடத்தினார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஆயிரம் பேருக்கு மனப்பாடம் செய்வித்தவருக்கு இப்போது தன் செருப்பு எது என்பதே நினைவில் நிற்பதில்லை. யாராவது திருத்தினால் உதடு துடித்து அழுதுவிடுவார், அதனால் யாரும் திருத்துவதில்லை. யூதர்கள் ஓய்வுநாளை மணப்பெண் என்று கொண்டாடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி, தலைவணங்கி, உள்ளே வா, உள்ளே வா என்று பாடி அழைப்பார்கள். அன்றைக்கு, சனிக்கிழமை மாலை, அவளை வழியனுப்ப வேண்டிய நேரத்தில், மெனாஷே மேற்கு வாசலைப் பார்த்துத் திரும்பி, கணீரென்ற குரலில், அந்த வரவேற்புப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரூபென் இருமினார். கடைசியில், பெரியவர் மனம் நோகவேண்டாம் என்று, எல்லாருமே எழுந்து வாசலைப் பார்த்துக் குனிந்து, வா, வா என்று சேர்ந்து பாடினார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்ட விருந்தாளியை வீட்டோடு நின்று இப்படி வருந்தி அழைத்தால் அவள்தான் என்ன செய்வாள்? திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். எதிர்மலையில் சவுக்கு மரங்களுக்கு ஒரு சாண் மேலே வந்திருந்த சூரியன் அங்கேயே நின்றது.

நட்சத்திரத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள். ரூபென் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மஞ்சள் வெயில் வராந்தாவில் கிடந்தது கிடந்தபடி இருந்தது. வீட்டுக்குப் போயிருந்த போஜன் திரும்பி வந்தபோது கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது, தலையில் மப்ளர், மூக்கில் விடிகாலைப் பனி. கேட்டுக்குள் கால் வைத்ததும் டார்ச்சை அணைத்தார், ஒரு அடி பின்னால் போய்ப் போட்டுக்கொண்டார், மறுபடி உள்ளே வந்து அணைத்தார்.

"வெளிய ஞாயித்துக்கிழமைங்க" என்றார் போஜன். "பால் கொண்டாந்திருக்கேன். இங்க எடுத்துக்கலாமா, கூடாதுங்களா?"

அதுதான் முதல் சந்தேகம். அதன்பிறகு சந்தேகங்களுக்குக் குறைவே இல்லை. சூரியன் இறங்காதவரை ஓய்வுநாள்தான் என்றார் ரூபென். அப்படியென்றால் நேற்றைய ஜெபத்தையே மறுபடி சொல்வதா, எத்தனை தடவை சொல்வது என்று கேட்டார்கள் கொச்சிக்காரர்கள். மாத்திரையில் காலை என்று எழுதியிருப்பதை எப்போது விழுங்குவது என்று ஒருத்தி அழாத குறையாகக் கேட்டாள். தூக்கம் வந்தால் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள், எழுந்தால் அதே சாயங்காலம். பசி அந்த நேரத்துப் பசியாக, டீயோடு ஏதாவது கடித்தால் தேவலை என்கிற அளவில் நின்றுபோனது. யாருக்கும் நகம் வளரவில்லை.

சிஸ்டர் ஜெசிந்தா பம்பாயில் ஒரு ரபிக்கு, அவர்களுடைய குருவுக்கு, போன் போட்டார்.

"அங்கே இன்னும் ஓய்வுநாள் முடியலைங்கறீங்களா?" என்றார் ரபி.

"ஆமாங்க. செவ்வாய்க்கிழமை ஆச்சு, இன்னும் முடியலை."

"அப்ப ஓய்வுநாள்ல நீங்க எப்படி போனைத் தொட்டீங்க?"

"நான் கிறிஸ்டியனுங்க."

"அப்ப சரி" என்று ரபி நிம்மதியாக மூச்சுவிட்டார். "முடிஞ்ச பிறகு அவங்களையே பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.



மலையில் மழை பிடித்துக்கொண்டது. கேட்டுக்கு வெளியே அடைமழை, கேட்டுக்குள் காய்ந்த வெயில். தேயிலை பறிக்கிற பெண்கள் முதலில் தயங்கித் தயங்கி ஒரு சேலையைக் கொண்டுவந்து வேலியில் போட்டார்கள். பிறகு ஊரே மூட்டை கட்டி வந்தது. ஜெபக்கூடத்துக்கு எதிரே கொடி கட்டிப் பாவாடையும் பள்ளிக்கூடச் சட்டையும் ஆடின, முற்றத்தில் மிளகாயும் வடகமும் காய்ந்தன. இல்லத்துக்காரர்கள் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஜெபம் சொன்னார்கள். வந்தவர்களும் பழகிக்கொண்டார்கள், அங்கே எதையும் நேராகக் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு, "இந்தக் கொடியில ரெண்டு சேலைக்கு இடமிருக்கும்போல" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நின்றார்கள்.

பர்ஹா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னது சுவர்களைத் தாண்டி எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே வந்தது? மூச்சு அந்தச் சாயங்காலத்தின் மூச்சாக, கொஞ்சம் விசிலடித்தாலும் நிற்காமல் ஓடியது. தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கமலாப்பழம் உரித்துத் தின்றாள். "நான் பாக்கமாட்டேன்னு சொன்னான் பாரு. அதுவே என்னப் பாக்கப் பயப்படுது" என்று கொட்டையைத் துப்பினாள்.

சிப்போராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதும் நிஜம், அந்தச் சந்தோஷத்தோடு எழுந்து பக்கத்து அறைக்குப் போனால் அங்கே கட்டிலில் நெகேமியா கிடந்தார் என்பதும் நிஜம். அவர் கெடவில்லை. கெடுவதற்கு நேரம் ஆகவேண்டுமே. போர்வைக்குள் கையைவிட்டு அவர் கையைத் தொட்டால், செத்து ஒரு பொழுது ஆன உடம்பில் எவ்வளவு சூடு மிச்சம் இருக்குமோ அவ்வளவு சூடு இருந்தது. அந்தச் சூடுதான் அவளைக் குழப்பியது. சில்லிட்டுப் போயிருந்தால் இல்லை என்று மனசு அடங்கும், இல்லையா? இது அடங்கவில்லை. நான் யார், இவர் பெண்டாட்டியா, விதவையா, தலையைப் பின்னிக்கொள்ளலாமா, கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தாள். அழுகை தொண்டையிலேயே நின்றது, விழுங்கினாலும் இறங்கவில்லை.

இல்லத்தில் மற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஓய்வுநாள் இருக்கும்வரை இங்கே ஒருவரும் சாகப்போவதில்லை என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருடைய நடையிலும் அது தெரிந்தது. ரூபென் தன் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு நடந்தார். ஊரிலிருந்தும் சிலர் தங்கள் வீட்டுப் படுக்கை நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிவந்து கேட்டுக்கு உள்ளே ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "இங்க காத்து நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னார்கள். சிஸ்டருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லது நடக்கிற இடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் எல்லாருக்கும் உறுத்தியது, அது அந்தப் பக்கத்து அறைக் கட்டில்.

ஆகவே அவர்கள் அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். யாரோ காற்று வரட்டும் என்று போர்வையை முகத்திலிருந்து நெஞ்சுவரைக்கும் மடித்துவிட்டார்கள். யாரோ இன்னொரு தலையணை வைத்தார்கள். 'இறந்துவிட்டார்' என்கிற சொல் வராந்தாவில் நடமாடுவதை நிறுத்திவிட்டது, 'படுத்திருக்கிறார்' வந்தது, பிறகு 'அசதி' வந்தது. ஒருநாள், ஒருநாள் என்று சொன்னால் அது எந்த நாள் என்று கேட்கக்கூடாது, ரூபென் உள்ளே போய் நெகேமியாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டு வந்தார்.

"ஷபாத் ஷாலோம் சிப்போரா" என்றார். "நெகேமியா இன்னிக்குத் தெளிவா இருக்காப்ல."

சிப்போரா அவரைப் பிடித்துக் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். கேட்டால் அழுகை வரும், அழுகை வந்தால் ஓய்வுநாள் கெடும், கெட்டால் பர்ஹா. அவள் சிரித்த முகத்தோடு, "ஷபாத் ஷாலோம்" என்றாள்.

ஓய்வுநாளை எப்படி அனுப்புவது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். திராட்சரசமும் வாசனைப்பெட்டியும் பின்னல் மெழுகுவத்தியும் கைக்கு இல்லாவிட்டால்கூடப் பெண்கள் ஒரே ஒரு வாக்கியம், புனிதத்தையும் சாதாரணத்தையும் பிரித்தவரை வாழ்த்துகிற வாக்கியம், சொன்னால் போதும், வாரம் தொடங்கிவிடும். அந்த வாக்கியத்தை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. சிப்போரா மட்டும் அதை நாக்கின் கீழே வைத்துக்கொண்டு பர்ஹாவின் அறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவரை அடக்கம் பண்ணணும் பர்ஹா."

பர்ஹா பழம் உரிப்பதை நிறுத்தினாள். "சொல்லப்போறியா?"

"உன்னக் கேக்காம சொல்லமாட்டேன்."

"கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு நினைச்ச? சரி போ, சொல்லு, நான் செத்துக்கறேன்னு சொல்லுவேன்னா?" அவள் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து சிப்போரா கேட்டதே இல்லை. "எனக்கு பயமா இருக்குடி. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. அவருக்கு என்ன, அவர் முடிச்சிட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். அவர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்."

"இருக்கட்டும்" என்றாள் சிப்போரா. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். நான் சொல்லமாட்டேன். சத்தியம்."

சத்தியம் செய்த பிறகு அவளுக்கு ஒரு வழிதான் இருந்தது, மற்றவர்கள் போன வழி. அந்த வழி எவ்வளவு சுலபம் என்று போகப் போகத்தான் தெரிந்தது. முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளிப் பின்னல் போட்டாள், பின்னல் ஓய்வுநாளில் கூடாது என்று நினைவு வந்து கீழே வைத்தாள். பிறகு, வெளியே மழை, உள்ளே இத்தனை கூட்டம், மிளகாய் நெடி தாங்கவில்லை என்று அவரிடம் சொன்னாள். சொன்னால் என்ன, ஐம்பது வருஷமாக அவர் எதற்குப் பதில் சொன்னார்? சொல்லாமல் இருப்பதுதானே அவர் சுபாவம். ஒருதரம் அவர் மூச்சுவிட்டதாகவே தோன்றியது. போர்வை லேசாக ஏறி இறங்கியது, அல்லது வாசல் கொடியில் ஆடின சேலையின் நிழல் அதன்மேல் விழுந்தது. எது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை, தீர்மானிக்கவும் அவள் ரொம்பப் பாடுபடவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போய், "டீ வாசனை வருதே" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். போஜன் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

உடம்பு தேறினவள்போல ஆகிவிட்ட பர்ஹா அன்று முதல்தடவையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து பார்த்தாள். பக்கத்து அறை வாசலுக்கு வந்தபோது உள்ளே சிப்போரா கட்டில்மேல் குனிந்து டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போச்சுங்க" என்று கொஞ்சுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க பதத்துக்கு வந்திருக்கு. ஒரு வாய் குடிங்களேன். எனக்காக."

பர்ஹா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குள் என்ன ஓடியதோ யாருக்குத் தெரியும், முகத்தில் கோபம்தான் தெரிந்தது, ரம்மியில் தோற்கும்போது வருகிற அதே கோபம். பிறகு உள்ளே வந்து டம்ளரைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள்.

"அவர் செத்துட்டார் சிப்போரா."

"சும்மா இரு."

"சனிக்கிழமை மத்தியானம், சோறு தின்னுட்டு, செத்துட்டார். என்னப் பாரு. உன் வீட்டுக்காரர் போயிட்டார்."

சிப்போரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்ஹா சொன்னதற்காக அல்ல, தொண்டையில் இருந்தது மேலே வந்துவிடும் என்று. கண்ணை அகல விரித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அழமாட்டேன்" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "நீ போய்ப் படு. நான் அழமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உன் சத்தியத்த யார் கேட்டா? நீ இப்படிப் பிணத்துக்கு டீ ஊட்டிக்கிட்டு இருக்கிறதுக்கா நான் பழம் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேன்?" பர்ஹாவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. அது வேற. அது போகப்போறதில்ல. நீ பைத்தியமாயிட்டா எனக்குத் துணைக்கு யாரு?"

யூதர்கள் நெருங்கினவர்கள் செத்தால் மார்பில் போட்டிருக்கிற துணியைக் கிழித்துக்கொள்வார்கள். பெற்றோருக்கு இடது பக்கம், இதயத்தின்மேல். மற்ற உறவுகளுக்கு வலது பக்கம். முதல் கிழிசலை வேறொருவர் தொடங்கி வைக்கலாம், மீதியைத் துக்கக்காரர்தான் கிழிக்கவேண்டும். பர்ஹா சிப்போராவின் ரவிக்கைக் கழுத்தை வலது பக்கமாகப் பிடித்தாள், நகம் போதாமல் பல்லைக் கொடுத்துக் கடித்தாள், ஓய்வுநாள் சாட்சியாக ஒரு விரல் நீளம் கிழித்தாள். கிழித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"மீதி உன்னோடது" என்றாள்.

சிப்போரா கிழிந்த துணியைப் பிடித்துக்கொண்டு தோழியைப் பார்த்தாள். பர்ஹாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. இவளை வைத்துக்கொண்டு அவரை இழக்காமல் இருக்கலாம், அவரை அனுப்பிவிட்டு இவளையும் இழக்கலாம், இரண்டும் தன் கையில் இருக்கிறது என்று சிப்போராவுக்குப் புரிந்தது. அன்றுவரை குழம்பிக் கிடந்த மனசில் இது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது, அதை அவள் வெறுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். துணி கிழிகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. பிறகு அவள் அழுத சத்தம் கேட்டது. அது பிடித்து வைத்திருந்த அழுகை. நெகேமியாவின் பெயரைச் சொல்லி, அவர் சொல்லாத பதில்களைச் சொல்லி, நெஞ்சில் அறைந்துகொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அது சாவு வீடு என்று எல்லாருக்கும் இப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

ஓய்வுநாளாகிய அந்த விருந்தாளிக்கும் இப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். யாருமே அவளிடம் சொல்லவில்லையே, எல்லாரும் சிரித்த முகத்தோடு அல்லவா உட்காரவைத்திருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் எழுந்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள், அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்குத் திராட்சரசம் ஊற்றவில்லை, வாசனைப்பெட்டி நீட்டவில்லை, மெழுகுவத்தி ஏற்றவில்லை. பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள். சவுக்கு மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. இருட்டில் மூன்று நட்சத்திரம் தலைகாட்டின, காட்டின கையோடு மறைந்தன, கேட்டுக்கு வெளியே நின்றிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மழையோடு உள்ளே வந்தது. மிளகாய் நனைந்தது, வடகம் கரைந்தது, பெண்கள் துணிகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். கட்டிலோடு கொண்டுவரப்பட்டவர்களை அவரவர் வீட்டு ஆட்கள் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ரூபென் உள்ளே வந்து நெகேமியாவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மடித்து, போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். சிப்போரா நெகேமியாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

பர்ஹா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுப்பிக் கட்டிலுக்குக் கொண்டுபோக சிஸ்டர் வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது.

"இன்னிக்கு என்ன கிழமைடி?" என்றாள்.

"வியாழன்."

"பாத்தியா. ஞாயித்துக்கிழமைய நான் பாக்கவே இல்ல." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "கையைப் பிடிச்சுக்கோ. இன்னும் பயமா இருக்கு."

சிப்போரா பிடித்துக்கொண்டாள். நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஓட்டுமேல் மழை கொட்டியதில் அது பர்ஹாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையில் பிடி தளர்ந்தது. சிஸ்டர் மண்டியிட்டு நாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

யாருக்கெல்லாம் துணி கிழித்துத் துக்கம் காக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். சீட்டாட்டத் தோழி அதில் இல்லை. வாசலில் கூடி நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், ரூபென் அதைச் சொல்ல வாயைக்கூடத் திறந்தார். சிப்போரா அவரை ஏறிட்டுப் பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பர்ஹாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ரவிக்கையின் இடது பக்கத்தைப் பிடித்தாள். தொடங்கி வைக்க யாரையும் கூப்பிடவில்லை.